முதல் நேற்று என்று ஒன்று இருந்ததா? கிரேக்கர்கள் தந்த பதில்களில் எதை எடுப்பது

முடிவிலி என்ற சொல்லை நாம் கணக்குப் பாடத்தில் கற்றுக்கொண்டோம். அதனால் அது எப்போதும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றாகவே மனதில் பதிந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் முடிவு வராது, அவ்வளவுதான். ஆனால் கடந்த காலத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு முடிவு இருக்கிறது, இதோ இந்த நிமிஷம்தான் அதன் முடிவு. அதற்கு இல்லாமல் இருக்கக்கூடியது தொடக்கம் மட்டுமே. ஆகவே முடிவிலி என்ற சொல் இங்கே கொஞ்சம் இடிக்கிறது, அநாதி என்ற பழைய சொல்தான் சரியாக உட்காருகிறது. கிரேக்கர்களுக்கு இந்த இடைஞ்சல் இல்லை. அவர்கள் சொன்ன அபெய்ரோன் என்ற சொல்லுக்கு எல்லையற்றது என்று பொருள், எந்தப் பக்கத்து எல்லை என்று அது கேட்பதில்லை.

சொல் இடிக்கிற அதே இடத்தில்தான் விஷயமும் இடிக்கிறது. எண்ணிக்கொண்டே போகிறவன் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு எண்ணில்தான் நிற்பான், நூறோ கோடியோ, முடிவிலி அவன் கைக்கு வந்து சேர்வதே இல்லை. கடந்த காலமோ வந்து சேர்ந்துவிட்டது. அதற்குத் தொடக்கம் இல்லை என்றால் எண்ணிலடங்காத வருஷங்கள் ஒவ்வொன்றாக நடந்து முடிந்துவிட்டன என்று ஆகிறது. எண்ண எண்ண நீண்டுகொண்டே போவதை நீளும் முடிவிலி என்றும், மொத்தமும் ஏற்கெனவே அமைந்துவிட்டதை நிறைந்த முடிவிலி என்றும் இந்தக் கட்டுரைக்காகப் பெயர் வைத்துக்கொள்கிறேன். கடந்த காலம் இந்த இரண்டில் எது, அல்லது இரண்டுமே இல்லையா என்பதுதான் கேள்வி. கிரேக்கர்கள் சுமார் ஆயிரம் வருஷம் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். அந்தப் பதில்களில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எதை எடுப்பது, எடுத்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கலாம்.

அரிஸ்டாட்டிலிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாரையும் அவருடைய தராசில் வைத்துத்தான் நிறுக்கிறோம். இயற்கையைப் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் புத்தகத்தில், நிறைந்த முடிவிலி என்று ஒன்று எங்குமே கிடையாது என்று அவர் அடித்துச் சொல்கிறார். முடிவிலி ஒரு சாத்தியமாக மட்டுமே இருக்கிறது. அதிலும் அது வழக்கமான சாத்தியம் இல்லை. ஒரு வெண்கலக் கட்டி சிலையாகலாம் என்றால், என்றைக்காவது ஒரு நாள் முழுச் சிலையாக எதிரே நிற்க முடியும். முடிவிலி அப்படி ஒரு நாளும் வந்து நிற்காது. அது ஒரு பகலைப் போல, ஒலிம்பிக் போட்டியைப் போல என்கிறார். போட்டி நடக்கிறது என்கிறோம், ஆனால் ஓட்டமும் மல்யுத்தமும் ரதப் பந்தயமும் ஒரே நொடியில் களத்தில் இல்லை, ஒன்று முடிய மற்றொன்று வருகிறது, அப்படி வருவதுதான் போட்டி இருப்பது. எதற்கு வெளியே ஒன்றுமே மிச்சமில்லையோ அது முடிவிலி என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் எதற்கு வெளியே எப்போதும் இன்னும் கொஞ்சம் இருக்கிறதோ அதுதான் முடிவிலி என்று அவர் தலைகீழாகத் திருப்பிப் போடும் இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம்.

சரி, காலத்தை என்ன செய்கிறார்? அதே நூலின் எட்டாம் புத்தகத்தில், காலத்துக்கும் இயக்கத்துக்கும் தொடக்கமே இல்லை என்று வாதிடுகிறார். 'இப்போது' என்பது ஒரு மூட்டு, முடிந்ததன் கடைசியும் வரப்போவதன் முதலும் அதுவே. எந்த 'இப்போது'வை எடுத்தாலும் அதற்கு முன்னால் காலம் இருந்தாக வேண்டும், ஆகவே முதல் 'இப்போது' இருக்க முடியாது. பிளேட்டோ ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் காலம் பிறக்காதது என்றுதான் சொல்கிறார்கள் என்று சாட்சிக்கும் அழைக்கிறார்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் உடனே கேள்வி வருகிறது. தொடக்கமில்லாத காலம் என்றால் அதுவே ஒரு நிறைந்த முடிவிலி ஆகாதா? ஆகாது என்பதற்கு அவர் தரும் காரணம் ஒரே ஒரு வாக்கியம் அளவுதான். ஒரு கோட்டைப் பாதியாக, பாதியில் பாதியாக வெட்டினால் வெட்டிய துண்டுகள் அங்கேயே இருக்கும். காலத்திலும் மனிதத் தலைமுறையிலும் எடுத்தது தங்குவதில்லை, மறைந்துவிடுகிறது, ஆனால் வரிசை மட்டும் அறுந்துபோவதில்லை. பாட்டன் போய்த்தான் பேரன் வருகிறான். முடிவற்ற மனிதர்கள் ஒரு நாளும் ஓரிடத்தில் கூடி நிற்கப் போவதில்லை, ஆகவே நிறைந்த முடிவிலி இல்லை.

இந்தப் பதிலில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். உலகத்தில் எங்கேயும் முடிவிலி என்ற பூதம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, கணித வல்லுநருக்கும் நஷ்டமில்லை, அவருக்கு வேண்டிய நீளத்துக்குக் கோடு கிடைத்தால் போதும் என்று அரிஸ்டாட்டிலே சொல்லிவிடுகிறார். பிடிக்காதது, அந்தப் பதில் எதிர்காலத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது. நாளைகள் ஒவ்வொன்றாக வரும், எப்போது பார்த்தாலும் வந்தவை எண்ணிக்கைக்குள் அடங்கும். நேற்றுகளை நான் பின்னோக்கி எண்ணினாலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அங்கே நீள்வது என் எண்ணிக்கை மட்டும்தானே? வருஷங்கள் நான் எண்ணுவதற்காகக் காத்திருக்கவில்லை, அவை நடந்து முடிந்துவிட்டன. காலம் என்பதே இயக்கத்தின் எண்ணிக்கை, எண்ணும் மனம் இல்லாவிட்டால் காலம் இருக்குமா என்று நான்காம் புத்தகத்தில் அவர் கேட்டிருப்பதைக் காட்டி, எண்ணப்படாத வருஷங்கள் முடிவிலி ஆகாது என்று அவருக்காகப் பரிந்து பேசலாம்தான். ஆனால் மனம் இல்லாவிட்டாலும் இயக்கம் இருக்கலாம் என்று அதே இடத்தில் அவரே விட்டுவைத்திருக்கிறார். வானம் சுற்றியது சுற்றியதுதான்.

இன்னொரு இடத்திலும் அவர் வாய்தவறி மாட்டிக்கொண்டதாக எனக்குப் படுகிறது. வானத்தைப் பற்றிய நூலில், ஒரே கருத்துகள் மனிதர்களுக்கு ஒரு முறை இரு முறை இல்லை, முடிவற்ற முறை திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன என்று நினைக்க வேண்டும் என்கிறார். முடிவற்ற முறை வந்திருக்கின்றன என்பது நீளும் முடிவிலியின் பேச்சாகவா இருக்கிறது?

பிளேட்டோவின் வழி வேறு. திமேயஸ் உரையாடலில் காலமும் வானமும் ஒன்றாகவே உண்டாயின என்று வருகிறது. நித்தியத்தின் அசையும் சாயல்தான் காலம், அதன் எண்களைக் காக்கத்தான் சூரியனும் சந்திரனும் கோள்களும் படைக்கப்பட்டன. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் சிக்கல் ஒரே அடியில் போய்விடுகிறது, கடந்த காலம் முடிவிலியே இல்லை, அதற்கு முதல் நாள் உண்டு. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதில் அவருடைய சீடர்களே ஒத்துப்போகவில்லை. கணித ஆசிரியர் பலகையில் படம் வரைந்து காட்டுவது போலப் பாடத்துக்காகச் சொன்ன கதை அது, உண்மையில் உலகத்துக்குத் தொடக்கமில்லை என்று அவருடைய பள்ளியிலேயே ஒரு தரப்பு சொன்னது. அந்தச் சமாதானத்தை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை: படத்தில் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே இருக்கலாம், ஒழுங்கின்மையும் அதிலிருந்து வந்த ஒழுங்கும் எப்படிச் சேர்ந்திருக்கும்? பின்னால் பிளேட்டோவின் வழிவந்த தத்துவவாதிகளில் புளூட்டார்க் நேர்ப்பொருளையே பிடித்துக்கொண்டார், புரோக்ளஸ் மறுத்தார்.

எனக்கு இதில் இருக்கும் தயக்கம் வேறு. உலகம் ஒழுங்காவதற்கு முன்னால் தாறுமாறான இயக்கம் ஒன்று இருந்தது என்று அதே உரையாடல் சொல்கிறது. இயக்கம் இருந்தால் அதில் முன் என்றும் பின் என்றும் ஒன்று இல்லாமலா இருக்கும்? கடிகாரம் இல்லாத காலம் என்று அதைச் சொல்லலாம், ஆனால் அதற்கும் ஒரு முதல் உண்டா என்று கேட்டால் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

வட்டமாக ஓடும் காலம் என்ற வழியையும் சிலர் ஆசையோடு காட்டுவார்கள். பித்தகோரஸின் வழிவந்தவர்கள் சொல்வது உண்மையென்றால் எல்லாம் அப்படியே திரும்ப வரும், நானும் இதே கோலைக் கையில் பிடித்துக்கொண்டு இதே போல உட்கார்ந்திருக்கும் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பேன் என்று அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடிமஸ் வகுப்பில் சொன்னது நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வட்டம் சிக்கலைத் தீர்ப்பதில்லை. சுற்றுகள் வேறு வேறு என்றால் எத்தனை சுற்று முடிந்தது என்று மறுபடி எண்ண வேண்டும், எல்லாம் ஒரே சுற்றுதான் என்றால் திரும்ப வருவது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. இதை விட்டுவிடலாம்.

எபிகூரஸ் இந்த மாதிரி நுணுக்கங்களுக்குள் போகாதவர். இல்லாததிலிருந்து எதுவும் வராது, ஆகவே இருப்பதெல்லாம் எப்போதும் இருந்தது, அணுக்களும் எண்ணற்றவை, வெளியும் எல்லையற்றது. நிறைந்த முடிவிலியைப் பார்த்து அவருக்குப் பயமே இல்லை. இந்த வழிக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. காலம் தொடக்கமற்றது என்றால் மனித வரலாறு ஏன் இவ்வளவு குட்டியாக இருக்கிறது என்ற கேள்விக்கு அரிஸ்டாட்டில், கலைகளும் அறிவும் பல முறை கண்டுபிடிக்கப்பட்டுப் பல முறை அழிந்தன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எபிகூரஸ் வழியில் அணுக்கள் அநாதி, நாம் வாழும் இந்த உலகமோ புதிது. பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் லூக்ரீஷியஸ் லத்தீனில் பாடியது இதைத்தான்: தீப்ஸ், ட்ராய் போர்களுக்கு முன்னால் நடந்தவற்றைக் கவிஞர்கள் ஏன் பாடவில்லை, கப்பல் கட்டுவதில் இன்றைக்கும் புதிது புதிதாக ஏன் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், உலகம் இளசு என்பதால்தானே?

ஆனால் அதே லூக்ரீஷியஸ் பொருளை முடிவில்லாமல் வெட்டலாம் என்பதை மட்டும் மறுக்கிறார். அப்படியானால் மிகப் பெரியதிலும் முடிவற்ற துண்டுகள், மிகச் சிறியதிலும் முடிவற்ற துண்டுகள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். எண்ணற்ற அணுக்களுக்குக் கைதட்டிவிட்டு எண்ணற்ற துண்டுகளுக்கு மட்டும் முகம் சுளிப்பது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டும்.

இனி, இந்த விவாதத்தின் சூடான கட்டம். அலெக்சாண்டிரியாவில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவத் தத்துவவாதி ஜான் ஃபிலோபோனஸ் உலகம் நித்தியமானது என்ற புரோக்ளஸின் வாதங்களை மறுத்து 529இல் ஒரு நூல் எழுதினார், அப்புறம் அரிஸ்டாட்டிலையே எதிர்த்து இன்னொன்று. இரண்டாவது நூல் அழிந்துபோனது. அதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் அவரைக் கடுமையாக வெறுத்த சிம்ப்ளிசியஸ், அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய, கிறிஸ்தவரல்லாத தத்துவவாதி, மறுப்பதற்காகப் பக்கம் பக்கமாக எடுத்தெழுதி வைத்ததுதான். பெயரைக்கூடச் சொல்லாமல் இலக்கணக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுவார். அதே 529இல் கிறிஸ்தவப் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணையால் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பது நின்றுபோய், பாரசீக மன்னரிடம் அடைக்கலம் தேடிப் போன எழுவரில் சிம்ப்ளிசியஸும் ஒருவர் என்பதை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது.

ஃபிலோபோனஸின் திறமை, புதிதாக எதையும் கொண்டுவராமல் அரிஸ்டாட்டிலின் சட்டத்தையே எடுத்து அரிஸ்டாட்டில் மேல் வீசியது. முடிவற்றதைக் கடந்து முடிக்க முடியாது என்றீர்களே, உலகத்துக்குத் தொடக்கமில்லை என்றால் சாக்ரடீஸ் பிறப்பதற்குள் முடிவற்ற மனிதர்கள் பிறந்து முடிந்திருக்க வேண்டுமே, எப்படி முடிந்தது? எல்லாரும் ஒரே நேரத்தில் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, ஒவ்வொருவராக வந்தாலும் கடந்து முடிப்பது கடந்து முடிப்பதுதான். அடுத்தது, சாக்ரடீஸ் வரைக்கும் முடிவற்றவர்கள், அவருக்குப் பிறகும் பிறந்தவர்களைச் சேர்த்தால் முடிவற்றதைவிடப் பெரியது ஒன்று வந்துவிடுகிறது.

மூன்றாவது அடிதான் வலிக்கிற அடி. அதை நம்மவர்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் அவர் பயன்படுத்தும் எண்கள் நம் பஞ்சாங்கத்தில் இருப்பவையே. சனிப்பெயர்ச்சி ராசிக்கு இரண்டரை வருஷம், பன்னிரண்டு ராசியைச் சுற்றி வர 30 வருஷம். குருப்பெயர்ச்சி ராசிக்கு ஒரு வருஷம், ஒரு சுற்றுக்கு 12. சூரியனுக்கு ஒரு வருஷம், சந்திரனுக்கு ஒரு மாதம். தொடக்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் சனி போட்ட சுற்றுகளே முடிவற்றவை. சூரியனின் சுற்றுகள் அதைப் போல 30 மடங்கு, சந்திரனுடையவை 360 மடங்கு, தினம் ஒரு முறை சுழலும் விண்மீன் கோளம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். முடிவற்றதை ஒரு முறை கடப்பதே முடியாது என்றால் பத்தாயிரம் மடங்கு முடிவற்றதை எப்படிக் கடப்பது?

முதல் முறை இதைப் படித்தபோது ஒரு நோட்டில் மேலே சனிக்கு ஒரு கோடும் கீழே சூரியனுக்கு முப்பது கோடுமாகப் போட்டுப் பார்த்தேன், வலது ஓரத்தில் இன்று, இடது பக்கம் போகப் போகக் காகிதம் தீர்ந்துவிட்டது. கீழ் வரிசை மேல் வரிசையைவிடப் பெரிது என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் பெரிது என்று தெரிந்தது காகிதம் தீர்ந்த இடம் வரைக்கும்தான். மேலே உள்ள முதல் கோட்டைக் கீழே உள்ள முதல் கோட்டோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஜோடி சேர்த்துக்கொண்டே இடது பக்கம் போனால், மேல் வரிசையில் ஆள் தீர்ந்துபோகும் இடம் எங்கே வரும்? வரவே வராது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கடந்து முடிக்க முடியாது என்ற முதல் வாதம் எனக்கு நிற்பதாகத் தெரியவில்லை. கடப்பதென்றால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு. தொடக்கமில்லாத சாலையில் எந்த மைல்கல்லைக் காட்டினாலும் அங்கிருந்து இங்கே வரும் தூரம் எண்ணிக்கைக்குள் அடங்கியதே. எண்ணற்ற தூரத்தில் நிற்கும் மைல்கல் என்று ஒன்றுமே கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று நம்பியவராக இருந்தும், இந்த வாதம் செல்லாது என்று இதே காரணத்தால் ஒதுக்கினார்.

மற்ற இரண்டுக்கும் சிம்ப்ளிசியஸின் பதில் பழைய பதில்தான்: போனவை போய்விட்டன, தங்கவில்லை, இல்லாததைப் போய்ப் பெருக்கவும் கூட்டவும் என்ன இருக்கிறது? இங்கேதான் நான் அவரோடு பிரிகிறேன். அதற்குக் காரணம் அரிஸ்டாட்டிலே. ஒழுக்கவியல் நூலில், நடந்ததை நடக்காததாக்குவது ஒன்று மட்டும் கடவுளுக்கும் முடியாது என்ற நாடகக் கவிஞர் அகதானின் வரியை அவர் ஒப்புதலோடு எடுத்துக்காட்டுகிறார். கடந்தது தங்கவில்லை, சரி, ஆனால் உறுதியாகிவிட்டது. நாளைய போட்டிகள் எத்தனை என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. நேற்று வரை வானம் எத்தனை முறை சுற்றியது என்பது அப்படி இல்லை, அதற்குப் பதில் ஏற்கெனவே அமைந்துவிட்டது. தொடக்கமும் இல்லை, பதிலும் அமைந்துவிட்டது என்றால் அந்தப் பதில் நிறைந்த முடிவிலியாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே தொடக்கமில்லாத காலமும் நிறைந்த முடிவிலிக்குத் தடையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது, ஒன்றை வெளியே அனுப்பியாக வேண்டும் என்ற அளவில் ஃபிலோபோனஸ் சொன்னது சரி. எதை அனுப்புவது என்பதில்தான் தேர்வு. தடைதான் உங்களுக்குப் பெரிது என்றால் தயங்காமல் அவர் பக்கம் போங்கள், காலத்துக்கு முதல் நாள் உண்டு என்று சொல்லுங்கள், எந்த 'இப்போது'வுக்கும் முன்னால் காலம் இருந்தாக வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் வாதமும் நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வாதம்தான், அது உங்களைக் கட்டாது.

நான் தடையை அனுப்புகிறேன். மடங்குக் கணக்குக்குப் பதில் கிரேக்க மண்ணிலேயே ஃபிலோபோனஸுக்கு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சொல்லப்பட்டுவிட்டது. ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ், ஒரு மனிதனில் அவன் விரலில் இருப்பதைவிட அதிகப் பகுதிகள் இல்லை, உலகத்திலும் மனிதனில் இருப்பதைவிட அதிகப் பகுதிகள் இல்லை என்றார், வெட்டிக்கொண்டே போகலாம் என்னும்போது அதிகம் என்றும் குறைவு என்றும் பேச இடமில்லை. புளூட்டார்க் இதைக் கேலி செய்வதற்காகத்தான் எடுத்து வைத்தார். லூக்ரீஷியஸ் இதே முடிவை அபத்தம் என்று காட்டித்தான் துண்டுகளை மறுத்தார். கிரிசிப்பஸ் அபத்தத்தைப் பார்த்து ஒதுங்காமல், ஆமாம், அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். அவர் பேசியது பொருளை வெட்டுவதைப் பற்றி, காலத்தை எண்ணுவதைப் பற்றி இல்லை, அதைச் சனிக்கும் சூரியனுக்கும் கொண்டுவந்து போடுவது என் பொறுப்பு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கணித வல்லுநர் கேன்டர் ஜோடி சேர்த்து எண்ணும் முறையை ஒழுங்குபடுத்திய பிறகு, அந்த இரண்டு வரிசைகளும் எண்ணிக்கையில் சமம் என்பதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. முழுமை அதன் பகுதியைவிடப் பெரிது என்று யூக்ளிட் தன் நூலின் தொடக்கத்திலேயே எழுதிவைத்த பொது உண்மையை முடிவற்றவற்றுக்குப் பொருந்தாது என்று விட்டுக்கொடுக்க வேண்டும், அது சின்ன விலை இல்லை. இன்னொன்று உயிர்கள். இறந்தவர்களின் உயிர் அழியாது என்று நம்புகிறவருக்கு, முடிவற்ற தலைமுறைகளின் உயிர்கள் அத்தனையும் இந்த நிமிஷத்தில் ஒன்றாக இருந்தாக வேண்டும், போனவை போய்விட்டன என்ற சமாதானம் அங்கே எடுபடாது. 4ஆம் நூற்றாண்டில் சலூஸ்டியஸ் என்ற தத்துவ எழுத்தாளர் இதைக் கண்டுகொண்டு, எல்லையுள்ள உலகத்தில் எல்லையற்ற உயிர்கள் இருக்க முடியாது, ஆகவே அதே உயிர்கள்தான் திரும்பத் திரும்ப உடலெடுக்கின்றன என்று மறுபிறவிக்கே அதை ஆதாரமாக்கினார். என் தேர்வுப்படி அந்த ஆதாரம் பாதி பலம் இழக்கிறது, ஏனென்றால் முடிவற்றது என்பதாலேயே ஒன்று இருக்க முடியாது என்று நான் இனி சொல்ல முடியாது. ஆனால் எல்லையுள்ள ஓர் உலகத்தில் அத்தனை உயிர்களும் எங்கே இருக்கும் என்று அவர் கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.